ஆட்டமில்லாத மாதங்கள்

ஜயித்தவனோடு சேர்ந்து நிற்பதற்கு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு, தானும் வடத்தில் கை வைத்திருந்ததாகச் சொல்லிக்கொள்ளாதவர் ஊரில் எவரும் இருக்கமாட்டார். தோற்றவனோடு நிற்பது வேறு சங்கதி. முதல் தோல்விக்கு அனுதாபம் உண்டு. இரண்டாம் தோல்விக்கு ஏதாவது காரணம் கற்பிக்கலாம். ஐந்தாவது, ஆறாவது தோல்விக்குப் பிறகும் ஒருவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் உலகம் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறது. அப்படி நிற்கிறவன் உத்தமனா, அசடனா? உத்தமன் என்று சொல்லிவிடத்தான் ஆசையாக இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடிய பதில் அல்ல அது.

இந்தக் கேள்வியைக் குடும்பத்தை வைத்து ஆராயலாம். அரசியலை வைத்தும் ஆராயலாம். ஆனால் அவற்றில் லாப நஷ்டங்கள் கலந்துவிடும். ஊதாரி மகனைக் கைவிடாத தாய்க்கு ரத்தபாசம் இருக்கிறது. தோற்ற கட்சியைக் கைவிடாத தொண்டனுக்கு என்றைக்காவது ஒரு நாள் வார்டு மெம்பர் பதவியாவது கிடைக்கும். நயா பைசா லாபம் இல்லாத ஒரு பற்றை எடுத்துக்கொண்டால்தான் கேள்வி கலப்படம் இல்லாமல் நம் முன் நிற்கும். ஆகையால் நான் விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் கால்பந்து, அதிலும் சென்னை நகரத்தின் அணியாகிய ‘சென்னையின் எஃப்.சி.’

இளையரசனேந்தலில் இருந்துகொண்டு சென்னைக் கால்பந்தைப் பற்றி எழுத உனக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் கால்பந்து பெரிய விஷயம் இல்லை. பக்கத்து டவுனான கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். மற்றபடி டீக்கடையில் கிரிக்கெட்தான். ஆனால் என் அக்காள் மகன் ஒருவன் இருக்கிறான். படிக்கச் சென்னைக்குப் போனவன், அங்கேயே ஓர் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டான். அவன்தான் இந்த வியாதியை வீட்டுக்குள் கொண்டு வந்தான். ஒவ்வொரு கோடையிலும் லீவில் வருவான். வரும்போது அணியின் துக்கத்தையும் துணிமூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவான். நாலைந்து கோடைகள் அதைக் கேட்டுக் கேட்டு அந்த அணியின் சரித்திரம் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

சரித்திரம் அப்படியொன்றும் கேவலமானதல்ல. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது உண்டான அணி அது. அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் உரிமையாளர்களில் இருவர். நீலச் சட்டை, பெரியமேட்டுக்கு அருகில் நேரு ஸ்டேடியம் ஆடுகளம். முதல் மூன்று பருவங்களுக்குப் பயிற்சியாளர் இத்தாலி தேசத்து மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் ஜிடேன் ஒருவரை நெஞ்சில் தலையால் முட்டிச் சாய்த்தாரே, அந்த முட்டை வாங்கிக்கொண்டவர்.

2015-இல் பருவத்தின் நடுவே இந்த அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்த டிசம்பரில் சென்னை நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதிப் பந்தயத்தைப் பூனாவுக்குப் போய் ஆடினார்கள். கல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில், கோவா அணியுடன் இறுதிப் பந்தயம். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷமே இருந்தபோது 1-2 என்று பின்தங்கியாயிற்று. தொண்ணூறாவது நிமிஷத்தில் எதிரணிக் கோல்கீப்பரே பந்தைத் தம் கோலுக்குள் விட்டுவிட்டார். அடுத்த ஓரிரு நிமிஷத்தில் மென்டோசா என்கிற கொலம்பியா வாலிபர் வெற்றிக் கோலை அடித்தார். என் மருமகன் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தான். மின்சாரமில்லாமல், குடிக்கத் தண்ணீரில்லாமல் விடுதி மாடியில் நாட்களைக் கழித்தவன். தண்ணீர் வடிந்து, தெருவில் சேறு காய்வதற்குள் வந்து சேர்ந்தது அந்தக் கோப்பை. அது வெறும் விளையாட்டு என்று அவனிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

2018 மார்ச்சில் பெங்களூர் அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. அதற்கு அடுத்த பருவத்திலேயே, சாம்பியனாக இருந்த அணி 18 ஆட்டங்களில் இரண்டே இரண்டை ஜயித்து, ஒன்பது புள்ளியோடு கடைசி இடத்துக்குப் போயிற்று! 2020 மார்ச்சில் எப்படியோ எழுந்து மறுபடியும் இறுதிப் பந்தயம் வரை வந்தது. கொரோனா பயத்தால் ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில் கல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது. அதன் பிறகுதான் நீண்ட வறட்சி. அடுத்தடுத்து மூன்று பருவங்களில் எட்டாவது இடம், எட்டாவது இடம், மறுபடியும் எட்டாவது இடம். மூன்று பருவத்துக்கு மூன்று பயிற்சியாளர்கள். 2023-24-இல் ஆறாவது. 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது.

2025 மே மாதத்தில் அவன் ஊருக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்த வருஷம் பதினொண்ணு. அதுக்கு முந்தி எல்லாம் எட்டு. ஏதாவது வேண்டுதலா மாப்பிளே?” என்று கேட்டேன்.

“நடுவுல ஒரு வருஷம் ஆறு, மாமா” என்று திருத்தினான் அவன். அந்த ஆறை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

“பேசாம வேற அணியைப் பார்க்கலாமே. கல்கத்தாக்காரங்க நல்லா ஆடுறாங்கன்னு நீதானே சொன்னே?”

“நல்லா இருக்குங்கிறதுக்காக அடுத்த ஊர்க் கொடையில போயி முளைப்பாரி தூக்க முடியுமா மாமா? வேடிக்கை பார்க்கப் போகலாம். அவ்வளவுதான்.”

எனக்கு வாயடைத்துவிட்டது. ஆனால் மனம் அடங்கவில்லை. அவன் சொன்னது அழகான பதில். சரியான பதில்தானா என்று பிறகு வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுகிற சந்தேகம் இது: அவன் எதன் மேல் பற்று வைத்திருக்கிறான்? ஆட்டக்காரர்கள் மேலா? பந்தயங்கள் ஓய்ந்த கோடை மாதங்களில்தான் ஒப்பந்தங்கள் முடிகின்றன. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுகிறார்கள். மாட்டராஸி போனார். மென்டோசா போனார். மிஜோரத்திலிருந்து வந்து சென்னையின் செல்லப் பிள்ளையாக இருந்த ஜெஜே போனார். பையனாக வந்து அங்கேயே வளர்ந்த அனிருத் தாபா 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். 2015-இல் அவன் கைதட்டியவர்கள் ஒருவருமே இன்று அந்தச் சட்டையைப் போட்டிருக்கவில்லை. பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள், ஆடும் முறையே மாறுகிறது. மிஞ்சியிருப்பது ஒரு சட்டை நிறமும் ஒரு பேரும். நிறத்துக்காகவும் பேருக்காகவும் மனிதன் தூக்கம் கெடுவது பேதைமை அல்லவா?

இதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊரே போதும். சங்கரன்கோவில் தாலுகா இளையரசனேந்தல் என்று விலாசம் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். வருவாய்த் துறைக் காகிதத்தில் இப்போது கோவில்பட்டி தாலுகா, மாவட்டமும் வேறு. ஒரு காலத்தில் ஜமீன் இருந்தது, இப்போது இல்லை. தாத்தா காலத்து மனிதர்கள் இல்லை. கூரை வீடுகள் இல்லை. கமலைக் கிணறுகள் இல்லை. கணக்குப் பார்த்தால் அந்த ஊரில் எதுவுமே மிச்சமில்லை. ஆனாலும் வெளியூரில் ஒருவன், “நீங்க இளையரசனேந்தலா?” என்று கேட்டால் நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து உட்காருகிறதே, அது பொய்யா? ஊர் என்பது மண்ணும் மனிதர்களும் மட்டுமல்ல. நாம் சேர்ந்து ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பதுதான் ஊர். அணியும் அப்படித்தான். ஆட்டக்காரர்கள் வந்து தங்கிப் போகிறவர்கள். நிரந்தரக் குடிகள் ரசிகர்கள்தாம். நேரு ஸ்டேடியத்தில் ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ என்றும் ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்றும் சங்கம் வைத்துக்கொண்டு முரசு கொட்டுகிறார்களே, 2015-ஐ ஞாபகம் வைத்திருப்பது அவர்கள். அந்த ஞாபகம் அழிந்தால் அந்த அணியின் சரித்திரம் வெறும் கணக்குப் புள்ளியாகப் போய்விடும்.

ஆகவே அவன் பற்று ஒன்றுமில்லாததன் மேல் வைத்த பற்று அல்ல. அதுவரை சரி. அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: இந்தப் பொறுமை நல்லதா?

பொறுமை என்றதும் எனக்குக் கரிசல் காட்டுச் சம்சாரி ஞாபகத்துக்கு வருகிறான். எங்கள் பக்கத்தில் வாய்க்கால் இல்லை, ஆறு இல்லை. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உளுந்தோ பாசியோ மக்காச்சோளமோ, மழை ஒரு வாரம் தப்பினால் முளைத்தது கருகும். அறுக்கிற நேரத்தில் கொட்டினால் விளைந்தது அழுகும். இருந்தாலும் சித்திரை வைகாசியில் ஒரு தூற்றல் விழுந்ததும் கோடை உழவுக்கு ஆள் கிளம்பிவிடுகிறான். மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் நஷ்டப்பட்ட எங்கள் தெருச் சின்னையா ஒருவரிடம், “இந்த வெயில்ல எதுக்கு இந்த உழவு?” என்று ஒருமுறை கேட்டேன். “கோடையில கிளறிப் போடலேன்னா, பெய்யிற மழை ஓடித்தாம்ப்பா போகும். மண்ணு குடிக்காது” என்றார். மழை வருமா வராதா என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தால் குடிக்க மண் தயாராக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் கவலை.

பந்தயமில்லாத மாதங்களில் ரசிகன் செய்வதும் இந்தக் கோடை உழவுதான் என்று தோன்றுகிறது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்தப் பையன் தேறுவான் என்று பேசிப் பேசி மனத்தைக் கிளறிப் போட்டுக்கொள்கிறான். அமெரிக்காவில் வேறு மாதிரி ஒரு கால்பந்து ஆடுகிறார்கள். பெரும்பாலும் கையால் ஆடுகிற கால்பந்து அது. அங்கே இந்த நம்பிக்கைக்கு ஒரு சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். காலேஜை முடித்து வரும் புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும்போது, போன பருவத்தில் எல்லாரையும்விட மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் உரிமை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அடுத்த விருந்தில் முதல் இலை. தோற்றவனுக்கு ஆறுதல் சொல்வதைவிட இது மேலான ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது. நம்முடைய லீக்கில் அந்த வழக்கம் இப்போது இல்லை. இங்கே தோற்றவன் கோடையில் தன் நம்பிக்கையைத் தானேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சம்சாரியையும் ரசிகனையும் ஒன்றாகச் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. வானத்துக்கு மனச்சாட்சி கிடையாது. மழை பொய்த்ததற்கு மேகத்தின் மேல் வழக்குப் போட முடியாது. அங்கே பொறுமையைத் தவிர வேறு அறிவு இல்லை. கால்பந்து அணி அப்படியா? அதை நடத்துகிறவர்கள் மனிதர்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது, எவ்வளவு செலவழிப்பது என்று அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கிறவர்கள். வானத்திடம் காட்டுகிற பொறுமையை மனிதர்களிடமும் காட்டிக்கொண்டே இருந்தால், அது பொறுமை என்ற பேரில் நடக்கிற உடந்தையாகிவிடாதா?

மளிகைக் கடையில் பார்த்திருப்பீர்கள். கணக்கு வைத்து மாதா மாதம் வாங்குகிற வாடிக்கைக்காரர், “அவர் எங்கே போய்விடப் போகிறார்” என்ற தைரியத்தில், பழைய பருப்பைப் பெறுகிறார். புதிதாக வந்த ஆளுக்குத்தான் நல்ல சரக்கு. விசுவாசத்தின் விபத்து இதுதான். விட்டுப் போகமாட்டான் என்று தெரிந்துவிட்ட மனிதனைக் கவனிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது. எட்டாவது இடத்திலும் ஸ்டேடியத்துக்கு வருகிறவன், பதினொன்றாவது இடத்திலும் வருவான் என்று அறைக்குள் இருக்கிறவர்கள் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவன் ரசிகன்தானே?

இந்தக் கேள்வி வெறும் வாதமாக நிற்கவில்லை. அவன் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பிய சில வாரங்களில், கோடை உழவு உழுதவனிடம் நிலமே இல்லை என்று சொன்ன மாதிரி ஒரு செய்தி வந்தது. லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-இல் பதினைந்து வருஷத்துக்கு எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அது 2025 டிசம்பர் 8-ஆம் தேதி முடிவதாக இருந்தது. பதினைந்து வருஷம் முன்பே தெரிந்த தேதி! ஆனாலும் அதைப் புதுப்பிக்காமலே காலம் ஓடியது. ஜூலை 11-ஆம் தேதி, அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. ஆகஸ்டில் பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தியது. அதே மாதம் சென்னையின் நிர்வாகமும் தன் காரியங்களை நிறுத்தி வைத்தது. சுப்ரீம் கோர்ட்டில் சம்மேளனத்தின் விதிமுறைகளைப் பற்றிய வழக்கு செப்டம்பர் வரை நடந்தது. பிறகு லீக்கை நடத்தும் உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட விலை கேட்டிருக்கவில்லை. ஆட்டக்காரர்களே ஒன்றுகூடி, எங்களை ஆட விடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. 2025 ஏப்ரலில் நின்ற லீக், 2026 பிப்ரவரி 14-ஆம் தேதிதான், அதுவும் சுருக்கப்பட்ட பருவமாக, மறுபடி தொடங்கியது. பத்து மாதம்!

தோல்வியைக்கூட இழந்துவிட்ட மாதங்கள் அவை. மருமகன் அந்நாட்களில் போன் செய்தபோது, “தோத்தாக்கூடப் பரவாயில்லை மாமா, ஆடினாப் போதும்” என்றான். நான் சிரிக்கவில்லை. சில நாட்கள் அதே வார்த்தை காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நிர்வாகிகள் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒளிபரப்பு இல்லை, விளம்பரம் இல்லை, பந்தயம் நடக்குமா என்பதே தெரியவில்லை என்றால் கோடிக் கணக்கில் ஒப்பந்தம் எழுத யாருக்குத்தான் கை வரும்? அதுவரை கைப் பணத்தைக் கொட்டித்தான் அணியை நடத்தினார்கள் என்பதும் மெய். ஆனால் சம்பளம் நிற்கும்போது கஷ்டப்படுகிறவர் பேர்போன ஆட்டக்காரர் மட்டுமல்ல. புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர், சட்டை வெளுக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், பயிற்சிப் பள்ளியில் பதினைந்து வயதில் கனவு கண்டுகொண்டிருக்கும் பையன் எல்லாரும் சேர்ந்துதான் நிற்கிறார்கள். கால்பந்து ஆட்டக்காரனுக்கு ஆடுகிற வயது பத்து வருஷமோ பன்னிரண்டு வருஷமோதான். அதில் ஒரு வருஷத்தை மேஜைக்கு அந்தப்புறம் இருப்பவர்கள் ஒரு தேதியைப் புரட்டிப் பார்க்காததால் தின்றுவிட்டார்கள். இதை வானத்தின் கணக்கில் எழுத முடியாது.

அப்படியானால் ரசிகன் என்ன செய்ய வேண்டும்? கோபித்துக்கொண்டு போய்விடுவதா?

உலகத்தில் இரண்டு ஊர்க்காரர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற தொழில் நகரம். அங்கே ‘பிரௌன்ஸ்’ என்ற அணி. 1995 நவம்பரில் அதன் முதலாளி அணியை பால்டிமோர் நகரத்துக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். ஊர் கொதித்தது, கோர்ட்டுக்குப் போயிற்று. கடைசியில், ஆட்டக்காரர்களை முதலாளி கொண்டுபோகலாம், ஆனால் அணியின் பேரும் நிறமும் சரித்திரமும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று முடிவாயிற்று. ஆட்டமே இல்லாமல் மூன்று பருவங்கள் வெறும் பேரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1999-இல் புதிய அணி வந்தது. வந்த அணி ஓயாமல் தோற்றது. 2017-ஆம் பருவத்தில் பதினாறு ஆட்டத்துக்குப் பதினாறும் தோல்வி! 2018 ஜனவரியில், எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஆயிரக் கணக்கானவர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். பரிகாச ஊர்வலம். நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே, உங்கள் சாதனையைக் கொண்டாடுகிறோம் என்று சொன்ன ஊர்வலம். போகாமல் நின்றார்கள், பேசாமல் நிற்கவில்லை.

மற்றொன்று லண்டனில் விம்பிள்டன். 2002-இல் அந்தக் கால்பந்து அணியை வேறு நகரத்துக்கு மாற்ற அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் சேர்ந்து, ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு வைத்து, தங்கள் காசில் ஒரு புது அணியைத் தொடங்கினார்கள். லீக் ஏணியின் ஒன்பதாவது படியிலிருந்து ஆரம்பித்து, 2011-இல் நான்காவது படிக்கு ஏறி, பெரிய லீக்கின் வாசலுக்குள் நுழைந்துவிட்டார்கள். முதலாளியிடமிருந்து விலகினார்கள்; ஊரிலிருந்து விலகவில்லை.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. பற்று என்பதை நாம் இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். ஒன்று, வாடிக்கையாளனின் கணக்கு: சரக்கு நன்றாக இல்லையா, அடுத்த கடைக்குப் போ. மற்றொன்று, பக்தனின் சரணாகதி: என்ன செய்தாலும் சரி, கேட்காதே. முன்னவனுக்கு உரிமை உண்டு, உறவு இல்லை. பின்னவனுக்கு உறவு உண்டு, உரிமை இல்லை. இரண்டும் உள்ளவனைத் தமிழில் ‘சொந்தக்காரன்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கு உறவினன் என்றும் பொருள். உடைமைக்காரன் என்றும் பொருள். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று உரக்கச் சண்டை போடுகிறவனும் அவன்தான். பந்தி முடிந்த பிறகு இருட்டில் நின்று அண்டா கழுவுகிறவனும் அவன்தான்.

இந்த இடத்தில் அந்த அணியின் பேரைக் கவனிக்க வேண்டும். ‘சென்னையின்’ என்று முடிகிறது. இன்னதின் என்று உடைமையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பேர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அறியாமலேயே ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பங்குகள் முதலாளிகளின் பேரில் இருக்கலாம். ஆனால் சட்டையில் எழுதியிருக்கிற சாசனம் வேறு மாதிரி சொல்கிறது. ஒரு நகரத்தின் பேரை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் அந்த நகரத்துக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கோப்பையைக் கொடு என்று கேட்க ரசிகனுக்கு உரிமை இல்லை. ஜயம் யார் கையிலும் இல்லாதது. என்ன நினைக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. முக்கியமாக ஆட்டமில்லாத மாதங்களில் உண்டு. ஆட்டம் நடக்கும்போது கூச்சலில் கேள்வி கேட்காது. ஒரு கோல் விழுந்தால் பழைய கோபம் மறந்துபோகும். மைதானம் வெறுமையாகக் கிடக்கும்போதுதான், தனக்கும் அணிக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்று ஒருவன் நிதானமாக யோசிக்க முடிகிறது.

கால்பந்தைப் பற்றி மட்டும் இவ்வளவு தூரம் பேசவில்லை என்பது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தோற்கிற அணியைச் சேர்ந்தவர்கள்தாம். மழை பெய்யாத ஊர். பஸ் வராத சாலை. வருஷா வருஷம் வாக்குறுதி கொடுத்து மறக்கிற பிரதிநிதி. திருந்துகிறேன் என்று சத்தியம் செய்கிற தம்பி. சிலர் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போனவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. சிலர், எல்லாம் தலைவிதி என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். தலைவிதியின் பேரில் எழுதப்படுகிற குற்றங்களில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட மறந்ததால் வந்தவை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். மூன்றாவதாக ஒரு சிலர் மட்டும் இருந்துகொண்டே சண்டை போடுகிறார்கள். ஊரில் அவர்களுக்கு நல்ல பேர் கிடைப்பதில்லை. “எப்பப் பார்த்தாலும் குறை சொல்லிக்கிட்டே இருப்பான்” என்பார்கள். ஆனால் பஸ் வந்த ஊர்களையெல்லாம் விசாரித்துப் பாருங்கள். அப்படி ஓர் ஆசாமி மனு எழுதி எழுதிக் கைசோர்ந்த ஊராகத்தான் இருக்கும்.

ஆகையால் ரசிகனின் ஓயாத எரிச்சலை, ஆற வேண்டிய புண்ணாக நான் நினைக்கவில்லை. எரிச்சல் இருக்கிறவரை உறவு இருக்கிறது. எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குத்தான் ஏமாற்றம் வரும். எதிர்பார்ப்பை விட்டுவிட்டவன் சாந்தமாக இருப்பான். அவனுடைய சாந்தத்தைக் கண்டுதான் நிர்வாகிகள் பயப்பட வேண்டும். கத்துகிற கூட்டம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அணிக்கு ஆபத்தில்லை. கத்துவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்கு வேறு வேலை பார்க்கப் போய்விட்ட கூட்டம்தான் ஆபத்து.

உத்தமனா, அசடனா என்று தொடக்கத்தில் கேட்டுக்கொண்டேன். தோற்கிறவனோடு வெறுமனே நிற்கிறவனை உத்தமன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நின்றுகொண்டே, “ஏன் தோற்றாய்?” என்று விடாமல் கேட்கிறவனை அசடன் என்றும் சொல்ல முடியவில்லை. அவன் கேட்கிற கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்பது அவன் கையில் இல்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரிந்திருப்பது மட்டும் அவன் கையில் இருக்கிறது. அதை அவன் கைவிடாமல் இருந்தால் போதும்.